விருந்துக்குப் பெரட்டு எடுத்தவர்

"உள்ள போறப்போ ஒரு பெரட்டு, வெளிய போறப்போ ஒரு பெரட்டு. பேரக் கூப்பிட்டா சத்தமா 'இருக்கேன்'னு சொல்லணும் தம்பி. தலைய ஆட்டுறது, கையத் தூக்குறது எல்லாம் நம்மகிட்ட செல்லாது."

நாங்கள் ஆசிரியர் கல்லூரியில் படித்த காலத்து விருந்துகள் எல்லாம் இந்தப் பேச்சோடுதான் தொடங்கின. அப்படிச் சொல்கிறவர் தன் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் காக்கிக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நிற்பார். கையில் ஒரு கொப்பி. அதில் அன்றைக்கு வருகிற எல்லாருடைய பெயரும் அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். கூப்பிட்ட பெயருக்குப் பதில் சொன்ன பிறகுதான் கேட்டுக்குள் கால் வைக்கலாம். பிறந்தநாள் கொண்டாடப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவனும் வரிசையில் நின்று 'இருக்கேன்' சொல்லித்தான் உள்ளே போவான்.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளரைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. முப்பது வருஷத்துக்கு மேல் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெரட்டை எடுத்த கணக்கப்பிள்ளை அவர். ஓய்வு பெற்றதும் நானுஓயாவுக்குப் போகிற பாதையோரம் ஒரு தகரக் கூரை வீட்டில் வந்து இருந்துகொண்டார். மனைவி இறந்துவிட்டாள். மகன்கள் மூன்று பேரும் இந்தியாவுக்குப் போய்த் திருச்சிப் பக்கம் இருந்தார்கள். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் 'பெரட்டு ஐயா' என்றுதான் சொல்வோம், அதுவும் அவர் காது கேட்காத தூரத்தில்.

எனக்கு ஆரம்பத்தில் அவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பெரட்டுக் களத்தில் என் அம்மா கணக்கப்பிள்ளைகளிடம் வாங்கிய ஏச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. இரண்டு நிமிஷம் பிந்தினால் 'ஏன்டி, மகாராணி இப்பதான் எந்திரிச்சாளோ' என்று கேட்பார்கள். மழையில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா தலையைக் குனிந்து நிற்பாள். அவள் மகன் படித்து வாத்தியாராகப் போகிறான், அவனும் கணக்கப்பிள்ளை முன்னால் வரிசையில் நிற்கவேண்டுமா என்று எனக்குள் எரியும். முதல் தடவை என் பெயரைக் கூப்பிட்டபோது வேண்டுமென்றே பேசாமல் நின்றேன். அவர் மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு கொப்பியைப் பார்த்தபடியே, "ஆள் வரல்ல போல இருக்கு," என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கடைசியில் நானே போய் 'இருக்கேன்' என்று சொல்லவேண்டி வந்தது. கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சுண்டிப்போனது.

அவர் வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கல்லூரி விடுதியில் ஒன்றாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாலே வார்டன் வந்துவிடுவார். பட்டணத்துக் கிளப்புகள் துரைமாருக்கும் பெரிய உத்தியோகத்தருக்கும் உரியவை. எங்கள் லயங்களுக்கு நாலு கூட்டாளிகளைக் கூட்டிப்போகலாம் என்றால், தோட்டத்துக்குள் வெளியாள் நுழையத் துரையின் உத்தரவு வேண்டும். சொந்த அம்மா அப்பா இருக்கிற இடத்துக்கு ஒருவனை விருந்துக்கு அழைக்க முடியாத பிழைப்பு எங்களுடையது. பெரட்டு ஐயா வாடகை கேட்கவில்லை. போகும்போது கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் போதும் என்றார்.

ஆனால் அவருடைய சட்டதிட்டங்கள் இருக்கின்றனவே! விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் பெயர்கள் அவர் கைக்கு வரவேண்டும். கிராமபோன் வைப்பதென்றால் பொலிஸ் நிலையத்துக்கு அவரே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியைக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். பக்கத்து பேக்கரிச் சிங்கள முதலாளியிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் முதல்நாளே போய், நாளைக்குப் பின்னேரம் கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். வார்டன் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் மாணவிகள் படியேற முடியாது. விருந்து இரண்டு மணிக்குத் தொடங்கும், ஐந்தரைக்கு முடியும். ஆறு மணிக்குக் கடைசி பஸ். அந்த பஸ்ஸில் ஏறாதவன் யாரோடு, எந்த வழியாகப் போகிறான் என்பதும் கொப்பியில் எழுதப்படும்.

பையன்கள் மட்டும் கூடுகிற நாளில் பியர் கொண்டுவர விடுவார். அதற்கும் ஒரு கிரமம் உண்டு. போத்தல் லைசென்ஸ் கடையில் வாங்கியதா என்று லேபலைப் பார்ப்பார். இருபத்தொரு வயது ஆகாதவனுக்கு இஞ்சிச் சோடாதான். சாப்பாடு முடியும்வரை போத்தல்கள் அவருடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

"வெறும் வயித்துல ஊத்துனா அது ஒங்களக் குடிக்கும்," என்பார். "மொதல்ல ரெண்டு ரொட்டி தின்னுங்க. களவாக் காய்ச்சுன கசிப்பு மட்டும் இந்தக் கேட்டுக்குள்ள வந்திச்சுன்னா, நானே பொலிசுக்குப் போவேன். அப்புறம் ஐயா இப்படிப் பண்ணிட்டாரேன்னு அழக்கூடாது."

ஒருநாள் நாங்கள் பாட்டும் கூத்துமாக இருந்தபோது இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்துவிட்டார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் பின்கதவைப் பார்த்தோம். கல்லூரியிலிருந்து துரத்திவிட்டால் வீட்டில் சொல்ல வாய் ஏது? பெரட்டு ஐயா ஆடவுமில்லை, அசையவுமில்லை. முத்திரைக் கடிதத்தைக் காட்டினார், கொப்பியைக் காட்டினார், அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் காட்டினார். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கான்ஸ்டபிள்களில் மூத்தவர் போகும்போது, எங்கள் பொலிஸ் குவார்ட்டர்ஸ் விருந்துக்கும் நீங்களே வந்து நின்றால் நல்லது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்துதான் பெரட்டைப் பற்றிய எங்கள் முனகல் குறைந்தது.

இன்னொரு நாள் அழையாத ஐந்து பேர், உதைபந்தாட்டக் கோஷ்டி, வந்து கேட்டில் நின்று சவடால் விட்டார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. "பேரு இல்ல தம்பி, உள்ள விடமுடியாது. ஆனா குளிருல வந்திருக்கீங்க," என்று சொல்லி ஐந்து கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து கேட்டுக்கு மேலாக நீட்டினார். ஐந்து தடியன்களும் ரோட்டில் நின்று ஊதி ஊதிக் குடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள்.

இவ்வளவும் செய்கிற மனிதர் ஒருநாளும் விருந்தில் வந்து உட்கார்ந்ததில்லை. அவருடைய வீடு, அவருடைய நாற்காலிகள். அவர் மட்டும் மூன்றரை மணிநேரமும் வெளியே. தூறல் வந்தால் கூரைத் தாழ்வாரத்துக்கு ஒதுங்குவார். நாங்களும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அவர் வெளியே நிற்பதுதான் வழக்கம் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒரு தடவை பஸ்ஸுக்குப் போன பிறகு குடையை மறந்த ஞாபகம் வந்து ஓடிவந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாங்கள் வட்டமாகப் போட்ட நாற்காலிகளை அவர் எடுத்து வைக்கவில்லை. அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். எதையும் செய்யவில்லை, சும்மா இருந்தார். என்னைக் கண்டதும் களவு செய்து பிடிபட்டவர் மாதிரி எழுந்துவிட்டார்.

"கொடையா? அந்தா இருக்கு. ஓடுங்க தம்பி, பஸ் போயிரும்."

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இருபத்தொரு வயதில் பஸ்தான் பெரிது.

கடைசிப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை எங்கள் கடைசி விருந்து. மாணவிகளும் வருகிறார்கள், ஆகவே பியர் கிடையாது. அன்றைக்குக் கேக் வெட்டப்போகும் நேரத்தில் மாணவிகளில் ஒருத்தி, எங்களைவிட வயதில் மூத்த ஒரு அக்கா, சட்டென்று கேட்டார்: "ஐயா எங்க? ரெண்டு வருசமா அவர் வீட்டுல திங்கிறோம், ஒரு நாளாச்சும் அவரு நம்ம கூட உக்காந்து தின்னாரா? வெக்கமா இல்ல நமக்கு?"

நாலு பேராகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "வேணாம் தங்கச்சி, கேட்டுல ஆளு இல்ல," என்று முரண்டு பிடித்தார். கடைசியில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கேக்கைக் கையில் கொடுத்தால் எப்படித் தின்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மெல்ல இளகினார். அவருடைய பழைய துரை மப்பேறினால் எப்படி ஆடுவான் என்று எழுந்து ஆடிக் காட்டினார். காக்கிக் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றிய சுற்றில் எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கும்மாளத்தில் செல்வராசு பின்பக்கமாக நழுவியதை நான் கண்டேன். செல்வராசு என் விடுதி அறைக் கூட்டாளி, என்னைப்போல் லயத்துப் பையன். அவன் தோட்டத்தில் யாரோ காய்ச்சிய கசிப்பை லெமனேட் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தான். அது எனக்குத் தெரியும். வீட்டின் பின்னால் தேயிலை மலை. அங்கே போய்க் குடித்துவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஐந்தரைக்கு வெளிப் பெரட்டு. மூடுபனி இறங்கிக் கேட்டே மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார். செல்வராசின் பெயர் வந்தது. பதில் இல்லை.

"இருக்கேன்," என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று பின்னாளில் என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் லயத்தில் அது பொய் என்று கணக்கில்லை. லயத்தில் பக்கத்து அறையான காம்பராக்காரிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பெரட்டில் அவள் பெயருக்கு என் அம்மா குரல் கொடுப்பாள். இருட்டில் கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரியாது. அதற்குள் அவள் ஓடி வந்து வரிசையில் சேர்ந்துகொள்வாள். அம்மாவுக்கு ஒன்றென்றால் அவள் குரல் கொடுப்பாள். அது உதவி. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது கூட்டாளி இல்லையென்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்படி வளர்ந்தவன் நான். கசிப்பு விஷயம் வெளியே வந்தால் செல்வராசோடு நானும் மாட்டுவேன், என் நியமனம் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். பிறகு பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

செல்வராசு பஸ்ஸுக்கு வரவில்லை. குறுக்கு வழியால் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடுதியில் அவன் கட்டிலைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

காலையில் செய்தி வந்தது. தேயிலை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் போக வெட்டிய கானில், மழையில், நினைவு தப்பிக் கிடந்தவனைப் பெரட்டு ஐயாதான் கண்டுபிடித்திருக்கிறார். நாங்கள் போன கையோடு அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு மலையேறித் தேடியிருக்கிறார். பேக்கரி முதலாளியை உதவிக்குக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டிச் செல்வராசு மூன்று வாரம் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். இன்னும் ஒரு மணிநேரம் கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்று டொக்டர் சொன்னாராம்.

அதோடு அவர் நிற்கவில்லை. தானே பொலிசுக்குப் போய்த் தன் வீட்டு விருந்தில் கசிப்பு நுழைந்தது என்று எழுதிக் கொடுத்தார். தானே கல்லூரி அதிபரிடம் போய் ஒரு ஆளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னார். செல்வராசின் நியமனம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த வீட்டுக்குள் மாணவர் எவரும் கால் வைக்கக்கூடாது என்று கல்லூரிப் பலகையில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதிபர் எங்களையெல்லாம் நிறுத்தி, இவன் பெயருக்குப் பதில் சொன்னவன் யார் என்று கேட்டார். நான் என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரட்டு ஐயாவிடமும் கேட்டாராம். பனியில் சரியாகத் தெரியவில்லை, தன்னுடைய பிழை என்று சொல்லிவிட்டாராம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு பின்னேரம் போனேன். அவர் கேட்டுக்கு வந்தார், ஆனால் திறக்கவில்லை.

"உள்ள விடமுடியாது தம்பி. காலேஜ் உத்தரவு."

"ஐயா, அன்னைக்கு அவன் பேருக்குச் சொன்னது நான்தாங்க."

"தெரியும்."

"அப்பவே தெரியுமாங்க?"

"முப்பது வருசம் பெரட்டு எடுத்தவனுக்குக் கொரல் மாறுனா தெரியாதா? தோட்டத்துலயும் தெரியும். சிலதுக்கு ஏசுவேன், சிலதுக்கு விட்டுருவேன்." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நிப்பாட்டியிருக்கணும். 'டேய், அவன் எங்கடா'ன்னு கேட்டிருக்கணும். வாய் வரைக்கும் வந்திச்சு. ஆனா நீங்க எல்லாரும் என்னையக் கூட்டிப்போயி உக்கார வச்சு, கேக்கு குடுத்து, சிரிச்சுப் பேசியிருக்கீங்க. அந்த நிமிசமே திரும்பவும் கணக்கப்பிள்ளையாகி ஒருத்தனப் புடிச்சு நிறுத்த எனக்கு மனசு வரல்ல தம்பி. அதான் பிழை. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிபரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"பேசாம இருங்க. அவனுக்கு ஒரு வருசம் போனது போதும். ஒங்கம்மா எத்தன வருசமா கொழுந்து பறிக்கிறாங்க? பரீட்ச முடிவு வரட்டும், நியமனம் வரட்டும். அப்புறம் நீங்க மாணவன் இல்ல, உத்தரவு ஒங்களுக்கு இல்ல. அப்ப வாங்க. உள்ள உக்காந்து பேசலாம்."

முடிவு வந்தது. நியமனமும் வந்தது, நானுஓயாவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். நான் போகவில்லை. அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினேன். அவருக்கு முன்னால் போய் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு சமாதானம் சொல்ல மாட்டேன். தினமும் என் பஸ் அந்த வீட்டைக் கடந்துதான் போகும். வீடு வலப்பக்கம், நான் இடப்பக்க சீட்டில் உட்காருவேன்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, அந்த வீட்டுக்கு முன்னால் பஸ் நின்றது. ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறினார். உடம்பு பாதியாகியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் விரிந்து, நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

என்னை அவர் சார் என்றது எனக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது. இந்தியாவுக்குப் போகிறாராம். நானுஓயாவில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். நடு மகன் கடிதம் போட்டிருக்கிறானாம். வீட்டைப் பேக்கரி முதலாளிக்கே கொடுத்துவிட்டாராம்.

"பள்ளிக்கூடத்துல எத்தன புள்ளைங்க? எல்லாம் ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்டார். சொன்னேன். செல்வராசுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்ப சரி," என்றார். நான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

நானுஓயா வந்தது. அவர் எழுந்தார். பெட்டியைத் தூக்க நானும் எழுந்தேன். ஸ்டேஷனில் அவரை வழியனுப்ப ஒரு குருவிகூட இல்லை.

"வேணாம் சார், நீங்க எறங்காதீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திரும். புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அது எனக்கு நன்றாகவே தெரியும். ரயில் வர இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. பள்ளிக்கு ஒருநாள் பிந்தினால் யாரும் என்னைத் தூக்கில் போடப்போவதில்லை.

கண்டக்டர் மணியடித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.